இங்கிலாந்தில் இலவச நர்சரி மணிநேரம்: கவுன்சிலின் பொறுப்பு எது, நர்சரியின் பொறுப்பு எது?

2025 செப்டம்பரிலிருந்து, வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தைக்கே வாரம் 30 மணி நேரம் இலவசம் என்று அறிவிப்பு. அதை நம்பி நர்சரியில் சேர்த்தால், மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கான பவுண்டுக்கு இன்வாய்ஸ் வருகிறது. நர்சரியைக் கேட்டால் "கவுன்சில் தருவது போதவில்லை" என்கிறார்கள். கவுன்சிலைக் கேட்டால் "அது உங்களுக்கும் நர்சரிக்கும் உள்ள ஒப்பந்தம்" என்கிறார்கள். இரண்டாவது பதில் தவறு. ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால், பெற்றோருக்கும் சரி, நர்சரி அல்லது சைல்ட்மைண்டிங் (தங்கள் வீட்டில் வைத்துப் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்) தொழில் செய்யும் நம்மவர்களுக்கும் சரி, பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். (இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் திட்டமே வேறு.)

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் அடிப்படை. 2006ஆம் ஆண்டு சைல்ட்கேர் சட்டத்தின் 7ஆம் பிரிவும், 30 மணி நேரத்துக்கு வழிசெய்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும் கடமையைக் கவுன்சிலின் தலையில்தான் வைக்கின்றன. தகுதியுள்ள குழந்தைக்கு இலவச இடம் கிடைக்கச் செய்ய வேண்டியது கவுன்சில். தனியார் நர்சரிக்கு இந்தத் திட்டத்தில் சேரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சேர விரும்பினால் கவுன்சிலுடன் ஒரு வழங்குநர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் "இதற்குப் பணம் வாங்கலாம், இதற்கு வாங்கக்கூடாது" என்ற நிபந்தனைகள் நர்சரியைக் கட்டும். அந்த நிபந்தனைகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளவேண்டியதும் கவுன்சில்தான். ஆகவே இன்வாய்ஸில் தப்பு இருந்தால் கவுன்சில் கையை விரிக்க முடியாது.

எந்தக் கவுன்சில் என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பணம் தருவது குழந்தை வசிக்கும் இடத்தின் கவுன்சில் அல்ல, நர்சரி இருக்கும் இடத்தின் கவுன்சில். வீடு ஹாரோவில், நர்சரி பிரென்ட்டில் என்றால் பிரென்ட் கவுன்சிலின் படிவம், பிரென்ட் கவுன்சிலின் தேதிகள். லண்டனுக்கு வெளியே இரண்டு அடுக்கு நிர்வாகம் உள்ள இடங்களில் கவுண்டி கவுன்சில்தான் கணக்கு. வோக்கிங்கில் இருப்பவர் போகவேண்டியது சர்ரே கவுண்டி கவுன்சிலுக்கு, வோக்கிங் பரோ கவுன்சிலுக்கு அல்ல.

எத்தனை மணி நேரம், யாருக்கு

சட்டத்தில் வாரக் கணக்கைவிட ஆண்டுக் கணக்குதான் முக்கியம். 15 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 570 மணி. 30 மணி நேரம் என்பது 1,140 மணி. இரண்டும் 38 வாரப் பள்ளி நாட்களுக்குக் கணக்கிட்டவை. ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் நர்சரி இதை 51 வாரத்துக்கு நீட்டிக் கொடுத்தால் வாரத்துக்கு 22.35 மணிதான் வரும். யாரும் மணி நேரத்தைத் திருடவில்லை. வெறும் வகுத்தல் கணக்கு. இதைச் சேரும்போதே சொல்லாத நர்சரிகள்தான் பின்னால் சண்டையில் மாட்டுகின்றன.

மூன்று கதவுகள் இருக்கின்றன. முதலாவது, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் 15 மணி. பெற்றோர் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், எந்த விசாவில் இருந்தாலும் கிடைக்கும். இரண்டாவது, குறைந்த வருமானக் குடும்பத்து இரண்டு வயதுக் குழந்தைக்கு 15 மணி. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு, வரி போக வேலை வருமானம் ஆண்டுக்கு 15,400 பவுண்டு அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். அரசு உதவிக்கு உரிமையில்லாத விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு வேறு உச்சவரம்பு: ஒரு குழந்தை என்றால் லண்டனில் 34,500, வெளியே 26,500 பவுண்டு, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் லண்டனில் 38,600, வெளியே 30,600. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. இதற்குக் கவுன்சிலிடம் நேரே விண்ணப்பிக்கவேண்டும். ஒருமுறை தகுதி கிடைத்துவிட்டால், பிறகு வருமானம் உயர்ந்தாலும் அந்த 15 மணி போகாது.

மூன்றாவது, ஒன்பது மாதத்திலிருந்து பள்ளி சேரும் வரை, வேலை செய்யும் பெற்றோருக்கான 30 மணி. இரு பெற்றோரும் (தனிப் பெற்றோர் என்றால் அவர் மட்டும்) வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாகச் சம்பாதிக்கவேண்டும். 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025-26 நிதியாண்டில் அது மூன்று மாதத்துக்கு 2,539 பவுண்டு. இருவரில் ஒருவருடைய சரிக்கட்டிய நிகர வருமானம் (ஓய்வூதியப் பங்களிப்பு போன்றவற்றைக் கழித்தபின் வரும் வருமானம்) ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டினாலும் மொத்தமும் போய்விடும். ஒருவர் 99,000, இன்னொருவர் 99,000 என்றால் கிடைக்கும். ஒருவர் 101,000, இன்னொருவர் 15,000 என்றால் கிடைக்காது. நியாயமா என்று கேட்காதீர்கள், விதி அப்படி. விசா விஷயத்தில், இருவரில் ஒருவருக்காவது அரசு உதவி பெறும் உரிமை இருக்கவேண்டும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவோ, பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தியோ பார்த்துக்கொண்டால் இந்தப் பணம் கிடைக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கிடைக்காது. சித்தி பதிவு செய்த சைல்ட்மைண்டராகவே இருந்தாலும், தன் வீட்டில் வைத்துப் பார்க்கும் உறவுக்காரக் குழந்தைக்கு அவர் கோர முடியாது.

கோடும் தேதிகளும்

30 மணிக்கு விண்ணப்பிப்பது வரித்துறையான எச்எம்ஆர்சி வழியாக. குழந்தைக்கு 23 வாரம் ஆனதும் விண்ணப்பிக்கலாம். 11 இலக்கக் கோடு (code) ஒன்று வரும், அதை நர்சரியிடம் கொடுக்கவேண்டும். தகுதி தொடங்குவது குழந்தை ஒன்பது மாதத்தை எட்டிய நாளில் அல்ல, அதற்கு அடுத்த பள்ளித் தவணையில் (term). ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31க்குள் ஒன்பது மாதம் முடிந்தால் செப்டம்பர் 1. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31க்குள் என்றால் ஜனவரி 1. ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் என்றால் ஏப்ரல் 1. கோடும் தவணை தொடங்குவதற்கு முன்பே கையில் இருக்கவேண்டும்: முறையே ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31. செப்டம்பர் 2ஆம் தேதி கோடு எடுத்தவருக்கு ஜனவரி வரை காசு வராது. நர்சரி இதைக் கவனிக்காமல் குழந்தையைச் சேர்த்துக்கொண்டால் நான்கு மாதக் கட்டணம் யார் தலையில் என்பதில் பெரிய தகராறு வரும். கோடின் இலக்கங்களைப் பார்த்தால் மட்டும் போதாது. அது செல்லத் தொடங்கும் தேதியையும் நர்சரி பார்க்கவேண்டும்.

பிரசவ விடுப்பிலிருந்து திரும்புபவர்கள் வேலைக்குத் திரும்பும் நாளுக்கு 31 நாள் முன்னதாக விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் இடம் வேண்டுமென்றால் செப்டம்பர் 30க்குள், ஜனவரிக்கு ஜனவரி 31க்குள், ஏப்ரலுக்கு ஏப்ரல் 30க்குள் வேலைக்குத் திரும்பியிருக்கவேண்டும்.

இந்தக் கோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்தப்படவேண்டும். மறந்தாலோ வேலை போனாலோ சலுகைக் காலம் ஒன்று உண்டு. ஆனால் அதன் நீளம் தகுதி போன தேதியைப் பொறுத்தது. அக்டோபர் 21க்குள் போனால் டிசம்பர் 31 வரை. அக்டோபர் 22 அல்லது அதற்குப் பிறகு போனால் அடுத்த மார்ச் 31 வரை. அதேபோல் பிப்ரவரி 10க்குள் என்றால் மார்ச் 31, அதற்குப் பிறகு என்றால் ஆகஸ்ட் 31. மே 26க்குள் என்றால் ஆகஸ்ட் 31, அதற்குப் பிறகு என்றால் டிசம்பர் 31. சலுகைக் காலம் ஏற்கெனவே இருக்கும் இடத்தைக் காப்பாற்றத்தான். புதிதாக 30 மணி தொடங்க உதவாது. ஜூனிலேயே கோடு எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், குழந்தை செப்டம்பரில் சேரும் முன்பே அது காலாவதியாகிக் கிடப்பதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மூன்று வயதுக்கு மேல் கோடு போனால் கூடுதல் 15 மணிதான் போகும். எல்லோருக்குமான 15 மணி அப்படியே நிற்கும். மூன்றுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 30ம் போய்விடும். குறைந்த வருமானம், வேலை என்று இரண்டு கதவுகளுக்கும் தகுதியுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு 45 மணி வராது, 30தான். ஆனால் முதல் 15ஐக் குறைந்த வருமானக் கணக்கில் எடுத்துவிட்டால், வேலை போனாலும் அது நிலைக்கும். கவுன்சில்களும் அதைத்தான் முதலில் பதியவேண்டும்.

கோடு சரிதானா என்று பார்க்க நர்சரிக்குத் தேவை மூன்று: கோடு, பெற்றோரின் நேஷனல் இன்சூரன்ஸ் எண், குழந்தையின் பிறந்த தேதி. விண்ணப்பித்தது அம்மா என்றால் அம்மாவின் எண். அப்பாவின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு "கோடு செல்லவில்லை" என்று திகைப்பதுதான் வழக்கமான கோளாறு. குறைந்த வருமானத் தேடலில் பெற்றோரின் குடும்பப் பெயரும் ஒத்துப்போகவேண்டும். முதலெழுத்து, தகப்பன் பெயர், கணவன் பெயர் என்று நமக்குள்ள பெயர்ச் சிக்கலில் எது குடும்பப் பெயராக அரசுப் பதிவில் ஏறியிருக்கிறதோ, அதையே கொடுங்கள்.

நர்சரிக்கு வரும் பணம்

மத்திய அரசு, பள்ளிகளுக்கான மானியத்தின் ஆரம்பக் கல்விப் பகுதியாக இந்தப் பணத்தைக் கவுன்சிலுக்கு அனுப்புகிறது. 2025-26இல் தேசிய சராசரி, மணிக்கு: இரண்டு வயதுக்குக் கீழே 11.54 பவுண்டு, இரண்டு வயதுக்கு 8.53, மூன்று, நான்கு வயதுக்கு 6.12. அந்த ஆண்டு கவுன்சில் குறைந்தது 96 விழுக்காட்டை வழங்குநர்களுக்குக் கடத்தவேண்டும். அதற்கு முன்பு 95ஆக இருந்தது. சராசரி என்பதால் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் தொகை மாறும். மேலும், அந்த 96க்குள்ளேயே வறிய பகுதிகளுக்கான கூடுதல் தொகை, சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கான நிதி எல்லாம் அடக்கம். அதனால் நர்சரி கையில் கிடைக்கும் அடிப்படை விகிதம் இன்னும் குறையும்.

நர்சரிகள் முனகுவதில் உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒரு ஊழியர், இரண்டு வயதில் ஐந்துக்கு ஒருவர், மூன்றுக்கு மேல் எட்டுக்கு ஒருவர் என்பது விதி (ஆசிரியர் தகுதியுள்ளவர் இருந்தால் 13 வரை). இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான தொகை நன்றாகவே இருக்கிறது. மூன்று, நான்கு வயதுக்கான ஆறு பவுண்டுச் சொச்சத்தில்தான் லண்டன் வாடகை கட்டும் நர்சரிக்கு மூச்சு முட்டுகிறது. முன்பு அந்தக் குறையை, காசு கட்டும் சிறு குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து நிரப்பினார்கள். இப்போது அந்தக் குழந்தைகளின் மணி நேரமும் இலவசக் கணக்குக்குள் வந்துவிட்டதால், நிரப்ப இடமில்லை. கூடுதல் கட்டணங்கள் இப்படிப் பெருகியதற்கு இதுவே காரணம். ஆனால் காரணம் இருப்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது.

நர்சரியின் வரவு, ஹெட்கவுண்ட் எனப்படும் கணக்கெடுப்பில் நிற்கிறது. ஒவ்வொரு தவணையிலும் குறிப்பிட்ட வாரத்தில், எந்தக் குழந்தை எத்தனை மணி என்று கவுன்சிலின் இணையத்தளத்தில் ஏற்றவேண்டும். முதலில் உத்தேச எண்ணிக்கைக்குப் பணம் வரும். ஹெட்கவுண்டுக்குப் பிறகு கூட்டல் கழித்தல் நடக்கும். வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, கவுன்சில் மாதாமாதம் கொடுக்கவேண்டும் என்பது அரசின் வழிகாட்டல். ஒவ்வொரு தவணையும் பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் வாங்குவதைச் சிறு நர்சரிகளும் சைல்ட்மைண்டர்களும் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். குழந்தை இரண்டு இடங்களுக்குப் போகிறது, இரண்டும் 30 மணி கோரியிருக்கின்றன என்று கவுன்சில் கண்டுபிடிக்கும் நாளில் அந்தப் படிவம்தான் உங்களைக் காப்பாற்றும். இல்லையென்றால் வாங்கிய பணத்தை அடுத்த மாதத் தொகையில் கழித்துவிடுவார்கள். கவுன்சில் கோடுகளை ஆண்டுக்கு ஆறு முறை மறுபடி சரிபார்க்கிறது. நர்சரியும் அதே பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

வருகைப் பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் இருக்கவேண்டும். தணிக்கைக்கு வருபவர்கள் கோரிக்கையையும் பதிவேட்டையும் இன்வாய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

இன்வாய்ஸில் எது செல்லும், எது செல்லாது

இலவச மணிக்குக் கட்டணம் இல்லை. நர்சரியின் வழக்கமான விகிதத்துக்கும் கவுன்சில் தருவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோரிடம் வாங்குவதும் கூடாது. அதைத்தான் டாப்-அப் கட்டணம் என்கிறார்கள். திருப்பித் தராத பதிவுக் கட்டணமும் கூடாது. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் வாங்கலாம். சாப்பாடு, டயப்பர், சன் கிரீம், நடன வகுப்பு போன்றவற்றுக்குக் கட்டணம் வாங்கலாம், ஆனால் அது பெற்றோர் விருப்பம். கட்டினால்தான் இலவச இடம் என்று சொல்லக்கூடாது. மறுக்கும் பெற்றோருக்கு மாற்று வழி என்ன என்பதையும் நர்சரி வைத்திருக்கவேண்டும். டயப்பரை வீட்டிலிருந்து அனுப்பலாம், இட்லியையும் அனுப்பலாம். நிலக்கடலைச் சட்னியை மட்டும் அனுப்பாதீர்கள், பெரும்பாலான நர்சரிகளில் கடலைக்குத் தடை.

ஒரு கணக்கு. ஆண்டுக்கு 51 வாரம் திறக்கும் நர்சரியில் வாரம் மூன்று நாள், நாளுக்கு பத்து மணி, மொத்தம் 30 மணி என்று வைத்துக்கொள்வோம். இலவசம் 22.35 மணி. மிச்சம் 7.65 மணிக்கு, மணிக்கு 9 பவுண்டு என்றால் 68.85. சாப்பாடு நாளுக்கு 6 பவுண்டு, மூன்று நாளுக்கு 18. வாரத்துக்கு 86.85, ஆண்டைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 369.11 பவுண்டு. இந்த இன்வாய்ஸ் முறையானதே. ஆனால் அதில் "30 மணி நேர இடம்: 369.11" என்று ஒரே வரியாக எழுதியிருந்தால், 18 பவுண்டு விருப்பக் கட்டணம் என்பதே பெற்றோருக்குத் தெரியாது. 2025இல் திருத்திய வழிகாட்டல் இதைத்தான் குறிவைத்தது: இலவச மணி, காசு கட்டிய மணி, உணவு, உணவல்லாத பொருட்கள், கூடுதல் நடவடிக்கைகள் என்று ஐந்தும் தனித்தனி வரியாக வரவேண்டும், கட்டண விவரம் நர்சரியின் இணையத்தளத்தில் இருக்கவேண்டும். "பொதுச் சேவைக் கட்டணம், நாளுக்கு 20 பவுண்டு" போன்ற வரி எந்தப் பெட்டியிலும் பொருந்தாது. எதற்கு என்று கேளுங்கள்.

இன்னொரு தந்திரம் சாப்பாட்டு நேரம். காலை 9 முதல் 12 இலவசம், 12 முதல் 1 வரை காசு, பிறகு 1 முதல் 4 வரை மறுபடி இலவசம் என்று நாளை வெட்டுவது. இப்படிச் செயற்கையாக இடைவெளி உண்டாக்கக்கூடாது என்று வழிகாட்டல் சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு. காலை 8 முதல் மாலை 6 வரை எல்லா நாளும் இலவச இடம் கேட்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை. எந்த நேரத்தில், எத்தனை இலவச இடம் என்பதை நர்சரி தீர்மானிக்கலாம். சட்டக எல்லைகள் இவை மட்டுமே: ஒரு அமர்வு பத்து மணியைத் தாண்டக்கூடாது, காலை 6க்கு முன்போ இரவு 8க்குப் பின்போ கூடாது, ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் கூடாது.

கவுன்சில் செய்யவேண்டிய மற்றவை

பகுதியில் போதிய இடங்கள் இருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவேண்டும். அது பெரும்பாலும் யாரும் படிக்காத ஆவணம். நர்சரி தொடங்க நினைப்பவர்கள் மட்டும் அவசியம் படிக்கவேண்டும், எந்த வார்டில் எந்த வயதுக்கு இடமில்லை என்று அதில் இருக்கும். குடும்பத் தகவல் சேவை வழியாகப் பெற்றோருக்கு இடம் தேட உதவவேண்டும். தரத்தைப் பொறுத்தவரை, பள்ளிகளையும் நர்சரிகளையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் தீர்ப்பே கடைசி. கவுன்சில் தனியாக ஆய்வு நடத்திப் பணத்தை நிறுத்த முடியாது. 2025 நவம்பர் முதல் ஆஃப்ஸ்டெட் ஒற்றைச் சொல் மதிப்பீட்டை விட்டுத் துறைவாரியாக மதிப்பிடுகிறது.

சிறப்புத் தேவையுள்ள குழந்தையையும் நர்சரி சேர்த்துக்கொள்ள உதவும் நிதி (inclusion fund) ஒன்றைக் கவுன்சில் வைத்திருப்பது கட்டாயம். விண்ணப்பிக்கவேண்டியது நர்சரி. டிஎல்ஏ என்ற உடற்குறை உதவித்தொகை பெறும் குழந்தைக்கு 2025-26இல் ஆண்டுக்கு 938 பவுண்டு தனியாக வரும். பெற்றோர் ஒரே ஒரு நர்சரியைக் குறித்துக் கொடுக்கவேண்டும், ஆண்டு நடுவில் குழந்தை மாறினால் பணம் கூடவே போகாது. குறைந்த வருமானக் குழந்தைக்கு நர்சரிக்குக் கிடைக்கும் பியூப்பில் பிரீமியம் என்ற கூடுதல் தொகையும் உண்டு; 2025-26இல் அது மணிக்கு ஒரு பவுண்டு, ஆண்டுக்கு 570 வரை. பெற்றோர் படிவத்தில் விவரம் நிரப்பாததால் நர்சரிகள் இழக்கும் பணம் இது.

புகார்

முதலில் நர்சரியிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த வரி எதற்கு, இதை மறுத்தால் என் குழந்தையின் இடம் என்ன ஆகும்? பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு இன்வாய்ஸ், ஒப்பந்தம், பதில் மூன்றையும் சேர்த்து, நர்சரி இருக்கும் கவுன்சிலின் ஆரம்பக் கல்விப் பிரிவுக்கு அனுப்புங்கள். "அது தனியார் விவகாரம்" என்று பதில் வந்தால், கவுன்சிலின் முறையான புகார் நடைமுறைக்குப் போங்கள். அதுவும் முடிந்தபின், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன். அங்கே போக நர்சரி மீது புகார் என்று எழுதாதீர்கள். அவர்கள் விசாரிப்பது கவுன்சிலைத்தான். "எனக்கு இலவசமாகக் கிடைக்கவேண்டிய மணி இலவசமாகக் கிடைக்கக் கவுன்சில் வழிசெய்யவில்லை" என்று எழுதுங்கள். பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும்.